அரசு இரகசியங்கள் சட்டம், 1923 (இந்தியா)

அரசு இரகசியங்கள் சட்டம், 1923 என்பது ஒற்றாடலையும், அரசின் இரகசிய ஆவணங்களும் தகவல்களும் உரிய அனுமதியின்றி வெளியிடப்படுவதையும் குற்றமாக்கும் இந்திய நடுவண் சட்டம் ஆகும். அலுவலக இரகசியச் சட்டம், இரகசியக் காப்புச் சட்டம் ஆகிய பெயர்களாலும் இது குறிக்கப்படுவதுண்டு. பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட இச்சட்டம், விடுதலைக்குப் பின்னரும் சில திருத்தங்களுடன் நடைமுறையில் இருந்து வருகிறது.

இரகசியத்தை வெளியிட்ட அரசு ஊழியர் மட்டுமன்றி, அதைத் தெரிந்தே பெற்றுக்கொண்டவரும் இச்சட்டப்படி தண்டிக்கப்படலாம். ஆனால் எது இரகசியம் என்பதை இச்சட்டம் வரையறுக்கவில்லை. பகை நாட்டுக்கு உளவு சொல்பவரையும், பொதுநலன் கருதி முறைகேட்டை வெளிக்கொணர்பவரையும் இது போதிய அளவு வேறுபடுத்துவதில்லை என்பது இதன் மீதான முதன்மையான விமர்சனம் ஆகும்.

வரலாறு

பிரித்தானிய நாடாளுமன்றம் 1889 ஆம் ஆண்டு தனது முதல் அரசு இரகசியங்கள் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் இந்தியாவிலும் அதை ஒத்த சட்டம் கொண்டுவரப்பட்டது. கர்சன் பிரபு ஆளுநர் நாயகமாக இருந்த காலத்தில், 1904 இல் இச்சட்டம் திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. படைத்துறை இரகசியங்களுடன் பொது நிருவாக இரகசியங்களும் இதனால் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. இந்திய இதழ்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. கோபால கிருட்டிண கோகலே சட்ட மன்றத்தில் இத்திருத்தத்திற்கு எதிராகப் பேசினார்.

பிரித்தானியாவில் 1911, 1920 ஆம் ஆண்டுகளில் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றை அடியொற்றி இந்தியாவுக்கான இன்றைய சட்டம் 1923 ஏப்ரல் 2 அன்று இயற்றப்பட்டது. 1967 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் தண்டனைகள் உயர்த்தப்பட்டன.

முக்கிய பிரிவுகள்

- பிரிவு 3 (ஒற்றாடல்): நாட்டின் பாதுகாப்புக்கோ நலன்களுக்கோ கேடு விளைவிக்கும் நோக்கத்துடன் தடை செய்யப்பட்ட இடத்தை அணுகுதல், பகைவருக்குப் பயன்படக்கூடிய வரைபடங்கள், குறிப்புகள் முதலியவற்றைத் தயாரித்தல், திரட்டுதல், பிறருக்குத் தெரிவித்தல் ஆகியவை குற்றங்களாகும். படைத்துறை, பாதுகாப்பு நிலைகள், இரகசியக் குறியீடுகள் முதலியன தொடர்பான குற்றத்திற்கு 14 ஆண்டுகள் வரையும், பிறவற்றுக்கு 3 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம்.
- பிரிவு 4: வெளிநாட்டு உளவாளியுடன் தொடர்பு வைத்திருப்பது, ஒற்றாடல் வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும்.
- பிரிவு 5 (தகவலை முறைகேடாக வெளியிடுதல்): ஆவணக் கசிவு வழக்குகளுக்கு அடிப்படையான பிரிவு இதுவே. பதவியின் காரணமாகவோ நம்பிக்கையின் பேரிலோ கிடைத்த தகவலை உரிமையற்றவருக்குத் தெரிவித்தல், உரிமையின்றி ஆவணத்தை வைத்திருத்தல், தக்க கவனத்துடன் பாதுகாக்கத் தவறுதல் ஆகியவை இதன்கீழ் குற்றங்களாகும். சட்டத்தை மீறித் தரப்படுகிறது என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ அத்தகவலைப் பெறுபவரும் குற்றவாளியே. 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.
- பிரிவு 13: அரசின் ஆணைப்படியோ அதிகாரமளிப்பின்படியோ தரப்படும் முறையீட்டின் பேரில் மட்டுமே நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம்.
- பிரிவு 14: நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசுத் தரப்பு கோரினால், பொதுமக்களை வெளியேற்றிவிட்டு வழக்கை விசாரிக்கலாம். எனினும் தண்டனை வெளிப்படையாகவே அறிவிக்கப்பட வேண்டும்.

இரகசிய வகைப்பாடு

அரசு ஆவணங்கள் பொதுவாக மிக இரகசியம், இரகசியம், மந்தணம், வரம்புக்குட்பட்டது என நான்கு நிலைகளாக வகைப்படுத்தப்படுகின்றன. இவ்வகைப்பாடு உள்துறை அமைச்சகத்தின் துறைசார் பாதுகாப்பு அறிவுரைகளின்படி செய்யப்படுகிறது. சட்டத்தில் இதற்கு இடமில்லை. எனவே ஓர் ஆவணத்தின் மீது எந்த முத்திரை இடப்பட வேண்டும் என்பதை அதைக் கையாளும் துறையே முடிவு செய்கிறது. ஓர் ஆவணம் தவறாக இரகசியம் என வகைப்படுத்தப்பட்டால், அவ்வாறு வகைப்படுத்திய அலுவலருக்கு இச்சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை.

முத்திரை இருப்பதால் மட்டுமே குற்றம் நிறுவப்பட்டதாகாது. முத்திரை இல்லாததால் குற்றம் இல்லை என்றும் ஆகாது. பிரிவு 3 இல் வரும் "இரகசிய" என்னும் அடைமொழி குறியீட்டுக்கும் கடவுச்சொல்லுக்கும் மட்டுமே பொருந்தும் என்றும், வரைபடம், குறிப்பு போன்றவற்றுக்குப் பொருந்தாது என்றும் உச்ச நீதிமன்றம் 1996 இல் ஒரு வழக்கில் விளக்கமளித்தது. அதாவது, பகைவருக்குப் பயன்படக்கூடிய வரைபடம் இரகசியமானது எனத் தனியே நிறுவ வேண்டியதில்லை.

துறைசார் நடவடிக்கைகள்

குற்றவியல் வழக்கு இன்றியும் அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க இயலும். நடுவண் அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1964 இன் 11 ஆம் விதி, அனுமதியின்றி அலுவல் தகவலை வெளியிடுவதைத் தடை செய்கிறது. இதை மீறுபவர் பணிநீக்கம் வரையிலான தண்டனைக்கு உள்ளாகலாம். நாட்டின் பாதுகாப்பு கருதி, விசாரணை நடத்தாமலேயே ஒருவரைப் பணிநீக்கம் செய்யவும் அரசியலமைப்பின் 311 ஆம் உறுப்பு இடமளிக்கிறது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது இரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்துக்கொள்கின்றனர்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

குமார் நாராயண் வழக்கு (1985)

தலைமை அமைச்சர் அலுவலகம் உட்பட முக்கிய அலுவலகங்களிலிருந்து ஆவணங்கள் நகலெடுக்கப்பட்டு, குமார் நாராயண் என்னும் தனியார் நிறுவன அலுவலர் வழியாக வெளிநாட்டினருக்கு விற்கப்பட்டது 1985 சனவரியில் வெளிவந்தது. தலைமை அமைச்சரின் முதன்மைச் செயலாளராக இருந்த பி. சி. அலெக்சாண்டர், தம் அலுவலக ஊழியர்கள் இதில் ஈடுபட்டிருந்ததால் பதவி விலகினார். இவரே பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர். வழக்கு 17 ஆண்டுகள் நீடித்தது. 2002 இல் முன்னாள் அரசு ஊழியர்கள் பலருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு முன்னரே குமார் நாராயண் இறந்துவிட்டார்.

இசுரோ ஒற்று வழக்கு (1994)

விண்வெளித் தொழில்நுட்ப வரைபடங்களை வெளிநாட்டவருக்கு விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர் நம்பி நாராயணன் 1994 நவம்பர் 30 அன்று கேரளக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். நாகர்கோவிலில் பிறந்த தமிழரான இவர், கடுங்குளிர் எந்திரத் திட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். இவர் 50 நாட்கள் சிறையில் இருந்தார். வழக்கை ஏற்று விசாரித்த நடுவண் புலனாய்வுச் செயலகம், குற்றச்சாட்டு பொய்யானது என 1996 இல் அறிக்கை அளித்தது. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கேரள அரசின் மறுவிசாரணை முயற்சியை உச்ச நீதிமன்றம் 1998 இல் தடுத்தது.

2018 செப்டம்பர் 14 அன்று, அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தவறாக வழக்குத் தொடுத்த அலுவலர்களின் பொறுப்பை ஆராய, முன்னாள் நீதிபதி டி. கே. செயின் தலைமையில் குழு ஒன்றையும் அமைத்தது. 2024 இல் முன்னாள் அதிகாரிகள் ஐவர் மீது நடுவண் புலனாய்வுச் செயலகம் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கைதுக்கும் இழப்பீட்டு ஆணைக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகும்.

இப்திகார் கிலானி வழக்கு (2002)

காசுமீர் டைம்சு நாளிதழின் தில்லி செய்தியாளர் இப்திகார் கிலானி 2002 சூனில் கைது செய்யப்பட்டார். சம்மு காசுமீரில் இந்தியப் படைகளின் நிலைகள் பற்றிய ஆவணம் அவரது கணினியில் இருந்தது என்பது குற்றச்சாட்டு. அது பாக்கித்தானிய ஆய்வு நிறுவனம் ஒன்று வெளிப்படையாகப் பதிப்பித்த தகவல் என எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. அத்தகவல் பாதுகாப்புக்குக் கேடானது என முதலில் கருத்துரைத்த படைத்துறை உளவுப் பிரிவு, பின்னர் அதன் பாதுகாப்பு மதிப்பு மிகக் குறைவே எனத் தெரிவித்தது. அரசு வழக்கைத் திரும்பப் பெற்றதை அடுத்து, ஏழு மாதச் சிறைவாசத்திற்குப் பின் 2003 சனவரியில் அவர் விடுதலையானார்.

மாதுரி குப்தா வழக்கு (2010)

இசுலாமாபாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பணியாற்றிய மாதுரி குப்தா, பாக்கித்தான் உளவுத்துறைக்குத் தகவல் தந்ததாக 2010 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். 2018 மே மாதம் தில்லி நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வெளியான தகவல்கள் படைத்துறை சார்ந்தவை அல்ல எனக் கருதப்பட்டதால், 14 ஆண்டுகள் வரையிலான தண்டனை இவ்வழக்கில் பொருந்தவில்லை.

ரபேல் ஆவணங்கள் (2019)

ரபேல் போர் வானூர்தி ஒப்பந்தம் தொடர்பான பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளைச் சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழ் 2019 பெப்ரவரியில் வெளியிட்டது. இவை இச்சட்டத்தை மீறிப் பெறப்பட்டவை என்றும், எனவே நீதிமன்றம் இவற்றைப் பார்க்கக்கூடாது என்றும் அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. இரகசியம் எனக் குறிக்கப்பட்ட ஆவணம் இதழில் வெளிவருவதைத் தடுக்கும் அதிகாரத்தை இச்சட்டம் அரசுக்கு வழங்கவில்லை எனத் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டது. ஒப்பந்தம் குறித்த மறுஆய்வு மனுக்கள் பின்னர் அதே ஆண்டு நவம்பரில் தள்ளுபடி செய்யப்பட்டன.

தகவல் பெறும் உரிமையுடன் தொடர்பு

2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டம், தனக்கு முரணான இடங்களில் 1923 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது எனத் தன் 22 ஆம் பிரிவில் கூறுகிறது. தகவலை வெளியிடுவதால் ஏற்படும் தீங்கை விடப் பொதுநலன் மிகுந்திருந்தால் அதை வழங்கலாம் என 8(2) ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் இது விண்ணப்பித்துத் தகவல் கேட்பவருக்கே பயன்படும். தாமாக ஆவணத்தை வெளியிடும் ஊழியருக்கு இச்சட்டம் நேரடியான பாதுகாப்பு அளிப்பதில்லை.

அத்தகைய ஊழியர், அதிகாரம் பெற்ற அமைப்பிடம் முறைகேட்டைத் தெரிவிக்க, முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014 இல் இயற்றப்பட்டது. இரகசியங்கள் சட்டம் எவ்வாறு இருப்பினும் இவ்வாறு தெரிவிக்கலாம் என அது கூறுகிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற பின்னரும், நடைமுறைக்கு வரும் நாள் அறிவிக்கப்படாமல் அச்சட்டம் பல ஆண்டுகள் கிடப்பில் இருந்தது.

விமர்சனங்கள்

படைநிலைகள், ஆயுதங்கள், உளவுத் தகவல் தருவோர் பற்றிய செய்திகள் வெளியானால் உயிரிழப்பு நேரலாம். கசிந்த பின் அதைச் சரிசெய்ய வழியில்லை. எனவே கடுமையான சட்டம் தேவை என்பது ஆதரவாளர்களின் கருத்து. விமர்சகர்கள் பின்வரும் குறைகளைச் சுட்டுகின்றனர்:

- பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்னும் எதிர்வாதத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.
- குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தை, அறியப்பட்ட குணம் ஆகியவற்றைக் கொண்டே தீய நோக்கத்தை முடிவு செய்யப் பிரிவு 3(2) இடமளிக்கிறது.
- வழக்குத் தொடரும் அதிகாரம் அரசிடமே இருப்பதால், அரசுக்குச் சங்கடம் தரும் கசிவுகள் மட்டும் வழக்காகலாம்.
- தேவையின்றி இரகசிய முத்திரை இடுவதற்கோ, பொய்யாக வழக்குத் தொடுப்பதற்கோ இச்சட்டத்தில் பொறுப்பேற்பு இல்லை.

இந்தியச் சட்ட ஆணையம் 1971 இல் அளித்த தனது 43 ஆம் அறிக்கையில், இரகசியம் எனக் குறிக்கப்பட்டது என்பதற்காக மட்டும், பொதுநலன் கருதி வெளியிடப்பட்ட சுற்றறிக்கை குற்றமாகக் கூடாது எனக் கருத்துத் தெரிவித்தது. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிருவாகச் சீர்திருத்த ஆணையம் 2006 இல் இச்சட்டத்தை நீக்கிவிட்டு, தேவையான பிரிவுகளை மட்டும் நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. இப்பரிந்துரை நிறைவேற்றப்படவில்லை.

பிற நாடுகளில்

பிரித்தானியா: பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றிய ஆவணங்களை நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிய அதிகாரி கிளைவ் பாண்டிங்கை, 1985 இல் நடுவர் குழு விடுவித்தது. 1989 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு, உளவு, வெளியுறவு போன்ற சில வகைத் தகவல்களோடு குற்றத்தைச் சுருக்கியது. இந்தியச் சட்டத்திற்கு முன்மாதிரியான 1911, 1920 ஆம் ஆண்டுச் சட்டங்கள் 2023 இல் முற்றிலும் நீக்கப்பட்டன.

அமெரிக்கா: இத்தகைய வழக்குகள் 1917 ஆம் ஆண்டு ஒற்றாடல் சட்டத்தின்கீழ் தொடரப்படுகின்றன. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்சுபர்க் மீதான வழக்கு, அரசுத் தரப்பின் முறைகேடுகளால் 1973 மே 11 அன்று தள்ளுபடியானது. 2013 இல் செல்சி மானிங்குக்கு விதிக்கப்பட்ட 35 ஆண்டுச் சிறைத்தண்டனையைக் குடியரசுத் தலைவர் ஒபாமா 2017 இல் குறைத்தார்.

மலேசியா: 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓர் ஆவணம் இரகசியமானது எனத் தரப்படும் அரசுச் சான்றிதழை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த இயலாது.

இவற்றையும் பார்க்க

- தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005
- நம்பி நாராயணன்
- பென்டகன் ஆவணங்கள்
- ஊடகச் சுதந்திரம்