ராக்லண்ட், தாமஸ் கஜெட்டன் (1815–1858)

வட திருநெல்வேலியில் கூடாரமடித்துத் தங்கி ஊர் ஊராகச் சென்ற சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி. காலத்தை வீணாக்க வேண்டாம் என்று பவுல் எபேசியருக்கு எழுதிய அறிவுரைக்கு (5:16) இந்தச் சீமை கண்ட உதாரணம் இவர்தான் எனலாம். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம். பின்னர் சென்னையில் சி.எம்.எஸ். செயலர். நெஞ்சு நோய் முற்றிவந்த நிலையில்தான், 1854இல், மேசை வேலையை விட்டுச் சிவகாசி வட்டாரத்தில் இறங்கினார். ஓய்வெடுக்க வேண்டியவர் கரிசல் வெயிலில் அலைவதா என்று கேட்கலாம். அவர் போட்ட கணக்கு வேறு: மிஞ்சிய காலத்தை வீணாக்கக் கூடாது. சிவகாசி மட்டுமல்ல, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பக்கமும் அன்றைய வட திருநெல்வேலியே. திருநெல்வேலியின் தெற்கத்திச் சபைகளின் உபதேசியார்கள் மாதமுறை வைத்து வந்து அவருக்கு உதவினார்கள். செலவு அந்தச் சபைகளுடையது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில், நுரையீரல் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வயது 43.