கிறொம்வெல் என்னும் குடிப்பெயர்

ஆங்கிலேயரின் குடிப்பெயர்கள் பெரும்பாலும் ஊர், தொழில், தந்தை பெயர், உருவமோ இயல்போ பற்றிய பட்டம் என்பவற்றின் அடியாகப் பிறந்தவை. கிறொம்வெல் என்பது ஊர்வழி வந்தது. நொட்டிங்காம்சயரில் அப்பெயர் பூண்ட சிற்றூர் இன்றும் உளது. பழைய ஆங்கிலத்தில் 'வளைந்த ஓடை' என்பது அதன் பொருள். ஆராயற்பாலது பெயரின் பொருளன்று. அதனை உலகறியச் செய்த ஒலிவர் கிறொம்வெல்லுக்கு அஃது எவ்வாறு வாய்த்தது என்பதே. தந்தைவழி நோக்கின் அவர் கிறொம்வெல் அல்லர், வில்லியம்ஸ்.

லண்டனை அடுத்த பற்னியில் வாழ்ந்த வால்ற்றர் கிறொம்வெல்லின் மக்களுள் இருவர் தோமஸ், கதரீன் என்போர். கதரீனை மணந்தவர் வேல்ஸ் நாட்டவரான மோர்கன் வில்லியம்ஸ். அக்காலத்து வேல்ஸ் மக்களிடை நிலையான குடிப்பெயர் வேரூன்றவில்லை. 'அப்' என்னும் சொல்லை இடையிட்டு, மகன் பெயரோடு தந்தை பெயரைச் சேர்த்து வழங்குவர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் நமக்கு இது புதுமையன்று. வில்லியம்ஸ் என்பதும் இவ்வாறு தந்தை பெயரொன்று ஆங்கில உருப்பெற்றதேயாம்.

தோமஸ் எட்டாம் ஹென்றி மன்னனின் முதன்மை அமைச்சராய் உயர்ந்து, துறவிமடங்களைக் கலைக்கும் பணியை நடத்தினார். மோர்கனின் மகன் ரிச்சாட் தாய்மாமனைச் சார்ந்து வாழ்ந்து, அவர் குடிப்பெயரையே தமதாக்கிக் கொண்டார். ஹண்டிங்டன்சயரில் ராம்சி மடத்து நிலங்களும் ஹிஞ்சிங்புறூக்கும் அவர் கைக்கு வந்தன. 1540 ஆம் ஆண்டு யூலை 28 ஆந் திகதி தோமஸ் துரோகியெனச் சிரச்சேதம் செய்யப்பட்டார். பெயரைக் கைவிடுதற்கு இதனினும் ஏற்ற தருணம் வேறில்லை. ரிச்சாட் கைவிடவில்லை. நிலத்தைக் காப்பதே கருத்தாயின் பழைய பெயருக்கு மீளுதலன்றோ பாதுகாப்பு? ஆதலின் இதனை நன்றியுணர்வென்றே கொள்ளத் தோன்றுகின்றது. எனினும் பத்திரங்களில் 'வில்லியம்ஸ் என்னும் கிறொம்வெல்' என இரு பெயரையும் எழுதும் வழக்கம் அக்குடும்பத்திற் பல தலைமுறை நீடித்தது.

ரிச்சாட்டின் மகன் ஹென்றி; அவர் மகன் றொபேட்; அவர் மகனே 1599 இற் பிறந்த ஒலிவர். அரசனைக் கொல்வித்து, 1653 இல் நாட்டின் காவலரான அவர் 1658 இல் இறந்தார். முடியாட்சி மீண்டபின், 1661 சனவரி 30 ஆந் திகதி அவருடல் தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. தந்தைக்குப்பின் சிலகாலம் ஆண்ட மகனின் பெயரும் ரிச்சாட் என்பதே. மூதாதையார் ஆபத்திலும் விடாத பெயரை இவர் மறைக்கவேண்டியதாயிற்று. 1660 இற் கடல் கடந்து, பிறநாட்டில் யோன் கிளாக் என்னும் புனைபெயருடன் வாழ்ந்தார்.