ஆத்மா கேக்கும் ராயபுரத்து குல்குல்லும்!

‘ஹாலோவீன்’ என்றதும் பேய் முகமூடியும் சாக்லெட்டும்தானே ஞாபகம் வரும்? பழைய கதை வேறு!

நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தைய ராத்திரிதான் ஹாலோவீன். நவம்பர் 2, இறந்தவர்களுக்கான நாள். அந்தக் கால இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகளும் குழந்தைகளும் வீடு வீடாகப் போய், ‘செத்துப்போனவங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்பார்கள். கூலி? வீட்டில் சுட்ட ‘ஆத்மா கேக்’!

ராயப்பர், அதாவது புனித பீட்டர் பெயர் தாங்கிய நம் ராயபுரத்திலும் நவம்பர் 2 உண்டு. கல்லறைத் திருநாள்! காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி, பூ, ஜெபம். முகமூடி கிடையாது.

பலகாரம் டிசம்பரில். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. ரயில்வேயில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவர்கள் வீடுகளில் ‘குல்குல்’தான். மைதா மாவைக் கிள்ளி, முள்கரண்டி முதுகில் அழுத்திச் சுருட்டுவது பொடிசுகளின் வேலை. பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டுவது பெரியவர்கள் பொறுப்பு.

1947-க்குப் பிறகு பல குடும்பங்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று கப்பலேறின. குல்குல்லும் கூடவே போனது!

சுருட்டுகிற நேரத்தில் பாட்டி, பாட்டியின் பாட்டி என்று பேச்சு நீளும். ஆத்மா கேக் செய்த வேலையும் அதுதானே? பாக்கெட் சாக்லெட் வாங்கித் தருவது சுலபம். அந்தப் பேச்சு பாக்கெட்டில் வராதே!