முன்னோர் உருவமும் பெயர்ப்பொறிப்பும்

முன்னோரின் உருவத்தைப் போற்றி வைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இத்தாலியப் பிரபுக்கள் தம் குலத்து மூத்தோரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவித்து மாளிகைச் சுவர்களில் மாட்டினர். குலச்சின்னத்தையும் பெயரையும் ஓவியத்திலேயே எழுதுவித்ததும் உண்டு. தமிழர் இதனைக் கல்லில் செய்தனர்.

கி.பி. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார், மறைந்த தம் கணவர் கண்டராதித்த சோழரின் பெயரால் திருநல்லத்தில் கற்றளி எடுப்பித்தார். இன்று அவ்வூர் கோனேரிராசபுரம் எனப்படுகிறது. சிவலிங்கத்தை வழிபடும் நிலையில் அரசரின் உருவம் அங்குச் செதுக்கப்பட்டுள்ளது. வழிபடும் இவர் கண்டராதித்தரே என்று அதன் கீழுள்ள கல்வெட்டு கூறுகிறது. எனவே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவரை ஐயமின்றி அடையாளம் காண்கிறோம். மாறாக, தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் இராசராசனும் கருவூர்த்தேவரும் எனப் பலர் கூறும் உருவங்களுக்குப் பெயர்ப்பொறிப்பு இல்லை. ஆதலால் அவர்கள் யாவர் என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

நாம் வாழும் கெடாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு வழங்கினான். 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. அந்த விகாரம் இன்று இல்லை. லெய்டன் செப்பேடுகளில் அத்தந்தையின் பெயர் நிலைத்திருக்கிறது.

உருவம் தனித்து நினைவைக் காப்பதில்லை. உடன்வரும் எழுத்தே காக்கிறது என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன. இதனை நம் வீடுகளுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். தோட்டத் துண்டாடலாலும், ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்ததாலும், லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தன. பூட்டன் பூட்டியரின் பழைய புகைப்படங்களும் உடன் வந்தன. ஆனால் அம்முகங்களைப் பெயர்சொல்லிக் காட்டவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே ஆசிரியர்கள் இப்பணியை மாணவர்களிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். வீட்டு முதியோரைக் கேட்டு, ஒவ்வொரு புகைப்படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் நான்கு செய்திகளை எழுதட்டும்: பெயர், பிறந்த ஊர், உழைத்த தோட்டம், படம் எடுத்த ஆண்டு. பெயரைச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதினால், பின்னாளில் ஆராய்வோர்க்கு அதுவே சான்றாகும்.