செட்டிநாட்டு உணவில் கலோரிக் கணக்கீடு

செட்டிநாட்டு உணவில் கலோரிக் கணக்கீடு என்பது, காரைக்குடியை மையமாகக் கொண்ட செட்டிநாட்டுப் பகுதியின் உணவுகளிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலை அளவிட்டு, அதற்கேற்ப உண்ணும் வகையையும் அளவையும் தெரிவு செய்யும் முறையாகும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இம்முறை பயன்படுகிறது. செட்டிநாட்டுச் சமையல் அதன் காரத்திற்காகப் பெயர் பெற்றது. ஆயினும் மிளகு, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு போன்ற மசாலாப் பொருட்கள் சிறிதளவே சேர்க்கப்படுவதால், அவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஓர் உணவின் ஆற்றலைப் பெரிதும் உயர்த்துபவை எண்ணெய், நெய், தேங்காய், வெல்லம் ஆகியவையே.

அலகு

உணவியலில் கலோரி எனப்படுவது கிலோகலோரியாகும். 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசு உயர்த்தத் தேவையான ஆற்றல் 1 கிலோகலோரி ஆகும். இது 4.184 கிலோஜூலுக்குச் சமம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் மேற்கொண்ட ஆய்வுகளின்படி, 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், 1 கிராம் புரதம் 4 கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. கொழுப்பின் ஆற்றல் மற்ற இரண்டையும் விட இரு மடங்குக்கு மேல் என்பதே இக்கணக்கின் அடிப்படை.

வரலாறு

இந்திய உணவுகளுக்கான ஆற்றல் அட்டவணை தமிழ்நாட்டில் உருவானது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அது பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட இவ்வாய்வகம், 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. சேலத்தில் பிறந்த கோபாலனும் உடன் ஆய்வாளர்களும் தொகுத்த விரிவான நூல் 1971இலும், 528 உணவுப் பொருட்களைக் கொண்ட புதிய அட்டவணை 2017இலும் வெளிவந்தன.

ஊட்டக்குறைவைப் போக்கத் தொடங்கிய இப்பணி, இன்று மிகையுணவைக் கட்டுப்படுத்தவும் பயன்படுகிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் பங்கேற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. உடற்பருமன் இந்நோய்க்கான முக்கியக் காரணிகளுள் ஒன்று.

சமைக்காத பொருட்களின் ஆற்றல்

1971ஆம் ஆண்டு நூலின்படி 100 கிராமில் உள்ள கலோரிகள்:

* நல்லெண்ணெய், நெய் – 900
* தேங்காய் – 444
* சர்க்கரை – 398
* வெல்லம் – 383
* உளுத்தம்பருப்பு – 347
* அரிசி – 345
* வெண்டைக்காய் – 35
* முருங்கைக்காய் – 26
* கத்தரிக்காய் – 24
* புடலங்காய் – 18
* மோர் – 15
* சுரைக்காய் – 12

வெல்லத்திற்கும் சர்க்கரைக்கும் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம். எனவே சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம் சேர்ப்பதால் கந்தரப்பமோ கும்மாயமோ குறைந்த கலோரி உணவாகிவிடாது. கவுனி அரிசியில் தவிடு நீங்காததால் நார்ச்சத்து மிகுதி. எனினும் அதனுடன் சர்க்கரை, நெய், தேங்காய் சேர்த்துச் செய்யும் இனிப்பில் ஆற்றல் கூடிவிடுகிறது.

சமைக்கும் முறையின் பங்கு

குழிப்பணியாரம், வெள்ளைப் பணியாரம் இரண்டும் அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவினால் ஆனவை. முன்னது குழிச்சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு வேகவைக்கப்படுகிறது. பின்னது எண்ணெயில் பொரிக்கப்படுகிறது. அரிசி, உளுந்து இரண்டும் சேர்ந்து 60 கிராம் எனில், மாவின் ஆற்றல் ஏறத்தாழ 210 கலோரி. குழிப்பணியாரத்திற்கு 10 கிராம் எண்ணெய் செலவானால் மொத்தம் 300 கலோரியாகும். பொரிக்கும்போது 20 கிராம் எண்ணெய் உறிஞ்சப்பட்டால் 390 கலோரியாகும். இவ்வேறுபாடான 90 கலோரி, 55 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ அரை மணி நேரம் நடந்து செலவிடும் ஆற்றலுக்கு ஒப்பானது.

உறிஞ்சப்படும் எண்ணெயை வீட்டிலேயே மதிப்பிடலாம். பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்து, குறைந்த அளவைப் பலகாரங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றுக்கான எண்ணெய் தெரியும். அதன் ஒவ்வொரு கிராமையும் 9 கலோரியாகக் கொள்ள வேண்டும்.

குறைந்த கலோரித் தெரிவுகள்

இடியாப்பம், இட்லி ஆகியவை ஆவியில் வேகவைக்கப்படுவதால் அவற்றில் எண்ணெய் மிகக் குறைவு. வேகவைத்த கத்தரிக்காயை மசித்துச் செய்யும் கோசுமல்லியும், அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்துக் காய்கறிகளுடன் செய்யும் மண்டியும் தாளிப்பு எண்ணெயைக் குறைத்தால் குறைந்த ஆற்றல் தருபவை. தோல் நீக்கிய கோழியைத் தேங்காயும் எண்ணெயும் குறைத்துச் சமைக்கலாம். தேன்குழல், அதிரசம், சீயம் போன்ற பொரித்த பலகாரங்களை முற்றிலும் விலக்காமல் எண்ணிக்கையில் வரையறுத்துக் கொள்ளலாம்.

தேவையும் வரம்புகளும்

2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரைப்படி, உடலுழைப்பு குறைந்த 65 கிலோகிராம் எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும், 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை. வயது, உழைப்பு, உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

வீட்டுச் சமையலின் கணக்கு எப்போதும் தோராயமானதே. மேலும், உடல் எடை குறையும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைவதால், அதே உணவளவில் எடை தொடர்ந்து ஒரே வேகத்தில் குறைவதில்லை. கலோரி எண் மட்டும் உணவின் தரத்தைக் காட்டாது. புரதம், நார்ச்சத்து, கனிமங்கள் ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். சிறுவர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரின் அறிவுரையின்றி உணவைக் குறைத்தல் கூடாது.

இவற்றையும் பார்க்க

* செட்டிநாடு
* பணியாரம்
* உடற்பருமன்
* நீரிழிவு நோய்