ஹெரால்டின் தம்பி

எங்கள் தெருவில் டாக்டர் ஒருவரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கும். மெக்கானிக் வந்தால் மட்கார்டுகளோடு முன்பக்கம் முழுவதையும் கவிழ்த்துவிட்டு, டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினைப் பார்ப்பார்.

சென்னையில் தயாரான அந்தக் காருக்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. பணமில்லாமல் கம்பெனி அதைக் கிடப்பில் போட்டது. 1961-ல் லேலண்ட் வந்து கம்பெனியை வாங்கியபோதுதான், துணி போர்த்திக் கிடந்த மாதிரி வண்டி கண்ணில் பட்டதாம். 1962-ல் விற்பனைக்கு வந்து, 1980 வரை ஓடியது.

குடும்பக் காரின் சாமான்களிலேயே செய்ததால், சின்னச் சம்பளக்காரரும் வாங்கினார், தானே பழுதும் பார்த்தார். ஆனால் சிக்கனத்துக்கும் விலை உண்டு. ஹெரால்டின் சேஸிஸை 8½ அங்குலம் குறுக்கியதோடு, பக்கவாட்டுச் சட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தைக் கதவுக்குக் கீழே உள்ள தகரப் பெட்டிதான் தாங்குகிறது. குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி என்னவாகும் என்று நமக்கா தெரியாது! துருப்பிடித்த பெட்டியை முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு சாத்தாது. பெயிண்ட் பளபளப்பை நம்பி வாங்கியவர் பாடு அவ்வளவுதான்.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சினின் முன் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது முன்னால் நகர்ந்தால், உள்ளே கிராங்க் ஷாஃப்டைத் தடுக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது. விலை கேட்காமலே திரும்பிவிடலாம்.