தானுந்துப் பொறி அதிவெப்பமடைதல்

தானுந்துப் பொறி அதிவெப்பமடைதல் என்பது, பொறியில் உருவாகும் வெப்பத்தை அதன் குளிர்விப்பு அமைப்பு போதிய அளவில் வெளியேற்றாததால், வெப்பநிலை இயல்பான அளவைத் தாண்டி உயர்வதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது இன்ஜின் சூடேறுதல் எனவும் ஓவர்ஹீட் எனவும் அழைக்கப்படுகின்றது. பெரும்பாலும் இதன் காரணம் விலை குறைந்த ஓர் உறுப்பே ஆகும். அதைக் கண்டறியாமல் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் பொறி முழுவதுமே பழுதாக நேரிடலாம்.

குளிர்விப்பு அமைப்பு

எரிபொருள் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு அமைப்பின் வழியே வெளியேறுகின்றது. கூலண்ட் எனப்படும் நீர்மத்தைத் தண்ணீர்ப் பம்பு பொறியைச் சுற்றிச் செலுத்துகின்றது. வெப்பநிலை 80 முதல் 90 பாகை செல்சியசை எட்டும்போது தெர்மோஸ்டாட் திறந்து, நீர்மத்தை ரேடியேட்டருக்குள் விடுகின்றது. அங்கு காற்றோட்டமும் மின்விசிறியும் அதனைக் குளிர்விக்கின்றன.

ரேடியேட்டர் மூடி

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று; அது ஓர் அழுத்த வால்வு ஆகும். திறந்த கலத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மூடி, வளியழுத்தத்துக்கு மேல் 1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது கொதிநிலை ஏறத்தாழ 120 பாகையாக உயர்கின்றது. மூடியின் சுருள்வில் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் இறுகிப்போனாலோ இந்த அழுத்தம் நிலைக்காது. மற்ற உறுப்புகள் அனைத்தும் சரியாக இருந்தாலும் நீர்மம் முன்னதாகவே கொதித்து வெளியேறும்.

இச்சிறு உறுப்புக்கும் சென்னையின் மேற்குப் புறநகருக்கும் தொடர்பு உண்டு. 1966 முதல் பாடியில் இயங்கிவரும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம், 1990களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்புக்கான எந்திரங்களை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் ஜெனரல் மோட்டார்சுக்கு மூடிகளை ஏற்றுமதி செய்து, அந்நிறுவனத்தின் சிறந்த வழங்குநர் விருதைப் பலமுறை பெற்றது.

காரணம் கண்டறிதல்

சூடு எப்போது ஏறுகின்றது என்பதே முதன்மையான தடயம் ஆகும்.

* நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாகச் செல்லும்போது குறைந்தால்: மின்விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே அல்லது வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம். பாடி, அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலை போன்ற, நின்று நின்று செல்லும் சாலைகளில் இது எளிதில் வெளிப்படும்.
* வேகமாகச் செல்லும்போது மட்டும் சூடேறினால்: ரேடியேட்டர் அடைப்பு, பம்பின் தேய்மானம் அல்லது பெல்ட் தளர்வு.
* முள் சிவப்புக் கோட்டை எட்டியும் ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஹோஸ் சூடாகாவிட்டால்: தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம்.
* பொறி ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால்: மூடியிலுள்ள வெற்றிட வால்வு திறக்கவில்லை.
* வெண்புகை, பால் கலந்தது போன்ற நிறத்தில் எண்ணெய், ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள்: ஹெட் கேஸ்கெட் பழுது. வண்டியை மேலும் ஓட்டக்கூடாது.

நீர்மத்தின் அளவு, கசிவு, மூடி, பெல்ட், விசிறி ஆகியவற்றை முதலில் சோதித்த பின்னரே பொறியைப் பிரிப்பது முறையாகும்.

உடனடி நடவடிக்கை

குளிர்சாதனத்தை நிறுத்தி, வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திப் பொறியை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் திடீரென நீங்குவதால் 100 பாகைக்கு மேற்பட்ட நீர்மம் அக்கணமே கொதித்து முகத்திலும் கைகளிலும் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ஹோஸ் கைக்குச் சூடு தெரியாத நிலைக்கு வந்த பின்னரே, தடித்த துணி கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும். சூடான பொறியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகத்தில் விரிசல் ஏற்படலாம்.

தவறான பழக்கங்கள்

வெப்பமான ஊர்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் உள்ளது. சென்னையில் 45 பாகை பதிவான 2003 மே 31 போன்ற ஒரு நாளில்கூட, பொறி தன் இயல்பான வெப்பநிலைக்கு வரத் தெர்மோஸ்டாட் தேவை. அது இல்லாவிடில் எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். உண்மையான பழுது மறைந்தே இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றுவதும் தவறு. கடினநீரிலுள்ள உப்புகள் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும். கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் கலந்து, குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும். மூடியை மாற்றும்போது அதே அழுத்த அளவுள்ள மூடியையே பொருத்த வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* கொதிநிலை
* கடினநீர்